புது வீலுக்குப் பழைய காத்தா?

சக்கரம் மாற்றுவது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதல்ல. ஆடிப்பூரத்தன்று ரத வீதிகளில் அசைந்து வரும் ஆண்டாள் தேர், ஒரு காலத்தில் மரச்சக்கரங்களில்தான் ஓடியது. ஆயிரம் கைகள் வடத்தை இழுக்கும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்தடியில் குனிவார்கள். நிலையைவிட்டுக் கிளம்பிய தேர், திரும்ப நிலைக்கு வந்து சேர நாள்கணக்கில் ஆகும் என்று ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். பிறகு இரும்புச் சக்கரம் வந்தது. சக்கரம் தனியாக வரவில்லை, பிரேக்கும் கூடவே வந்தது. வேகமாக உருளும் சக்கரத்தை முட்டுக்கட்டையை மட்டும் நம்பி விட முடியாது என்பது தேர் வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் பிரிந்து, வத்திராயிருப்பைத் தாண்டினால் மகாராஜபுரம். (சங்கீத ரசிகர்கள் குழம்ப வேண்டாம், அவர்களுடைய மகாராஜபுரம் தஞ்சைப் பக்கம்.) மேற்கே மலை நிமிர்ந்து நிற்கும் ஊர். அமாவாசை, பௌர்ணமி வந்தால் சதுரகிரிக்குப் போகிறவர்களின் வண்டிகள் இந்த வழியாகத்தான் தாணிப்பாறை அடிவாரத்துக்குப் போகும். ஐந்து பேர் உட்காரும் காரில் ஏழு பேர், மடியில் குழந்தைகள், டிக்கியில் சமையல் சாமானும் தண்ணீர் கேனும். பின்பக்கம் அமுங்கிப்போய் ஊர்ந்து வரும் அந்தக் கார்களில் பலவற்றின் சக்கரங்களைக் கவனித்தால், கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த இரும்பு டிஸ்க்கும் பிளாஸ்டிக் மூடியும் காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் பளபளக்கும் அலாய் வீல். டயர் அகலமாகவும் ஒல்லியாகவும் ஒரே நேரத்தில் தெரியும்: தரையில் அகலம், பக்கவாட்டில் ஒல்லி.

இந்த டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும்?

ராஜபாளையத்திலிருந்து திருமங்கலம் வரை நெடுஞ்சாலை ஓரத்தில் எந்தப் பஞ்சர் கடையில் நிறுத்தினாலும் நடப்பது ஒன்றுதான். "எவ்வளவுண்ணே அடிக்கணும்?" என்று பையன் கேட்பான். "முப்பத்திரெண்டு போடுப்பா" என்று பதில் வரும். ஆல்டோவுக்கும் அதே 32, இன்னோவாவுக்கும் அதே 32. யார் ஆரம்பித்துவைத்த எண்ணோ, குலதெய்வத்தின் பெயர்போலத் தலைமுறை தாண்டி வருகிறது. கொஞ்சம் விவரமானவர்கள் டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்வார்கள். அதுதான் சரியான வழி, கார் கம்பெனி மாட்டிக் கொடுத்த அளவு டயரே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்வரை. வீலையும் டயரையும் வேறு அளவுக்கு மாற்றியவர்களுக்கு அந்த ஸ்டிக்கர், பழைய வீட்டு விலாசம் மாதிரி. புது வீட்டுக்கு அங்கிருந்து வழி கேட்டுப் போகலாமே தவிர, கடிதம் அங்கே வராது.

முதலில், காருடைய எடையைத் தாங்குவது யார்? ரப்பர் என்று நினைப்போம். பெரும்பங்கு தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் அதற்குள் ஓடும் நூலிழையும் இரும்புக் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்துவைத்திருக்கும் பைதான். கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஆட்களோடு 1,300 கிலோ இருக்கும் ஒரு கார், நாலு சக்கரத்துக்கும் சமமாகப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 325 கிலோ. உள்ளே 33 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால், தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பரின் பரப்பு ஏறத்தாழ 140 சதுர சென்டிமீட்டர். ஒரு அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். மணிக்கு நூறு கிலோமீட்டரில் பறக்கும் குடும்பம் முழுவதும் நாலு அஞ்சலட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. காற்று குறைந்தால் அட்டை பெரிதாகும், டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். மடங்கி நிமிர்ந்தால் சூடு. சூடு ஏறினால் உள்ளே ஒட்டியிருக்கும் அடுக்குகள் பிரியத் தொடங்கும். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் 'டமால்' என்று வெடிக்கும் பல டயர்களுக்கு இதுதான் பின்கதை. காற்று அதிகமாகி வெடித்தது என்று ஊர் சொல்லும். உண்மையில் காற்று குறைந்து, நாள்பட்டு நைந்துபோன டயராக அது இருக்கும்.

இந்தத் தவறு ஒரு முறை உலகத்தையே உலுக்கியது. 2000-ம் ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. ஓட்டத்திலேயே மேல்பட்டை உரிந்து, வண்டிகள் உருண்டு, நூற்றுக்கணக்கில் உயிர்கள் போயிருந்தன. யார் தவறு என்ற சண்டையில் அடிபட்ட முக்கியமான எண் 26. வண்டியின் ஸ்டிக்கரில் ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. டயர் கம்பெனி 30 வேண்டும் என்றது. டயர் தயாரிப்பிலும் குறை இருந்தது என்பது வேறு கதை. ஆனால், நாலு பிஎஸ்ஐ வித்தியாசத்துக்கு எவ்வளவு விலை இருக்கலாம் என்று கார் உலகம் அப்போதுதான் விழித்துக்கொண்டது. அந்த ஆண்டே சட்டம் வந்தது. காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் கருவி, அங்கே 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. இன்று நம்மூர் கார்களிலும் அந்த விளக்கு இருக்கிறது.

சரி, மாற்றிய வீலுக்கு எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஸ்விஃப்ட்டின் மேல்தர மாடல்களில் வரும் 185/65 ஆர்15 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 15, ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அடுத்து 88 என்று ஒரு எண்ணும் அதன் பின்னால் ஒரு எழுத்தும் இருக்கும். யாரும் கண்டுகொள்ளாத அந்த எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. அது சுமை எண். 88 என்றால் அந்த டயர் அதிகபட்சம் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. 87 என்றால் 545. 91 என்றால் 615. உலகம் முழுக்க இதற்கு ஒரே அட்டவணைதான்.

இந்த எடையை டயர் தாங்குவது அதற்குரிய முழு அழுத்தத்தில் மட்டும். ஐரோப்பியக் கணக்கில் சாதாரண டயருக்கு அது 2.5 பார், அதாவது 36 பிஎஸ்ஐ. 'எக்ஸ்எல்' என்று முத்திரை குத்திய கனத்த டயருக்கு 2.9 பார், 42 பிஎஸ்ஐ. காற்றைக் குறைத்தால் தாங்கும் சக்தியும் குறையும்.

இப்போது கணக்கு. கதவு ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம் (ஒவ்வொரு காருக்கும் இது மாறும், உங்கள் கதவைப் பாருங்கள்). சுமை எண் 88 உள்ள அந்த 15 அங்குல டயர், 33 பிஎஸ்ஐயில் சுமார் 520 கிலோ தாங்கும். கார் கம்பெனி தன் பொறியாளர்களை உட்காரவைத்து முடிவுசெய்த தாங்கும் அளவு அதுதான். புது டயரும் குறைந்தது அந்த 520-ஐத் தாங்கியாக வேண்டும். 16 அங்குல அலாய் போட்டு 195/55 ஆர்16 மாட்டினால் அதன் சுமை எண் பெரும்பாலும் 87. அது 520 கிலோ தாங்க 35 பிஎஸ்ஐ வேண்டும். இரண்டு கூடுதல், பெரிய வித்தியாசமில்லை. ஆசை அடங்காமல் 17 அங்குலத்துக்குப் போய் 205/45 ஆர்17 வாங்கினால் கதை மாறுகிறது. இந்த அளவில் இரண்டு விதமாக டயர் கிடைக்கும். சுமை எண் 84 உள்ள சாதாரண டயர் முழுக்க அடித்தாலும் 500 கிலோதான் தாங்கும். அதாவது, எவ்வளவு காற்று அடித்தாலும் பழைய டயரின் இடத்தை நிரப்பாது. 88 போட்ட எக்ஸ்எல் டயர் தாங்கும், ஆனால் அதற்கு ஏறத்தாழ 39 பிஎஸ்ஐ அடிக்க வேண்டும். பழைய ஸ்டிக்கரில் இருக்கும் 33-ஐ அதற்கு அடிப்பவர், எண்ணைச் சரியாகப் பார்த்தும் ஆறு பிஎஸ்ஐ குறைவாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இங்கே ஒரு கேள்வி எழும். கார் மொத்தமே 1,300 கிலோதானே, டயருக்கு 500 வீதம் நாலு டயர் 2,000 கிலோ தாங்குகிறதே, அப்புறம் என்ன? கார் அசையாமல் ஷெட்டில் நிற்கும்வரை ஒன்றுமில்லை. சடாரென்று பிரேக் அடிக்கும்போது எடை முன் சக்கரங்களுக்குப் பாய்கிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தில் சாய்கிறது. ஸ்டிக்கரில் எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்து ஒதுக்கிவைத்த கையிருப்பில்தான் அமாவாசைக்கு ஏழு பேர் ஏறுகிறார்கள். கையிருப்பை அலாய் வீலுக்கும் செலவழித்து, ஏழு பேருக்கும் செலவழிக்க முடியாது.

மேலே சொன்ன மூன்று டயர்களின் மொத்த உயரத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 15 அங்குலத்துக்கு 621 மில்லிமீட்டர், 16-க்கும் அதே 621, 17-க்கு 616. வெளி வட்டம் மாறவில்லை. ரிம் பெருத்த அளவுக்கு ரப்பர் மெலிந்திருக்கிறது. பக்கச் சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 107-க்கு இறங்கி, 92-ல் நிற்கிறது. குழியின் அடியை வாங்கிக்கொள்ளும் இடம் அதுதான். மகாராஜபுரம் பக்கத்து வேகத்தடைகளுக்கு எச்சரிக்கைக் கோடு எல்லா இடத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒல்லி டயர் போட்டவர்கள் ஒரு வாரத்தில் "தூக்கித் தூக்கிப் போடுதுப்பா, காத்தைக் கொஞ்சம் குறை" என்று கடைக்கு வருவார்கள். 28-க்கு இறக்கினால் இடுப்புக்குச் சுகமாகத்தான் இருக்கும். அடுத்த குழியில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டயர் நசுங்கி, மறுநாள் காலையில் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி ஒரு புடைப்பு. அந்த டயருக்கு ஒட்டு கிடையாது, குப்பைதான். பழைய இரும்பு டிஸ்க் வளைந்தால் தட்டி நிமிர்த்திவிடுவார்கள். அலாய் பல நேரம் விரிசல் விடும். மெத்தென்ற சவாரி வேண்டுமென்றால் 15-லேயே இருந்துவிட வேண்டும். காற்றைக் குறைத்து அதை வாங்க முடியாது.

நேர் எதிரான தப்பும் நடக்கிறது. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 44 பிஎஸ்ஐ, 51 பிஎஸ்ஐ என்று அதிகபட்ச அழுத்தம் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "டயர்லயே போட்டிருக்கான் பாருங்க" என்று அந்த அளவுக்கு அடிப்பவர்கள் உண்டு. அது எல்லைக்கல், ஊர் அல்ல. அந்த அளவுக்கு அடித்தால் அஞ்சலட்டை தீப்பெட்டியாகச் சுருங்கும், தரையைத் தொடும் பட்டனில் நடுப்பகுதி மட்டும் தேயும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும்.

எல்லோரும் பெரிய ரிம்முக்குப் போவதில்லை. டாக்சி ஓட்டுபவர்கள் பலர் ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் ஒரு சைஸ் ஏற்றுவார்கள். 185/65 இருந்த இடத்தில் 195/65 ஆர்15. இதன் சுமை எண் 91, பழையதைவிட அதிகம். எனவே கூடுதல் காற்று தேவையில்லை, ஸ்டிக்கர் சொல்லும் 33-லேயே ஓடலாம். 'தாங்கும் சக்தி கூடிவிட்டதே, இன்னும் குறைக்கலாமே' என்று 29-க்கு இறங்கக் கூடாது. வளைவில் வண்டி மிதப்பதுபோல் ஆகும். சக்கரத்தின் விட்டம் இரண்டு சதவீதம் கூடுவதால், மீட்டர் பழையதைவிட அந்த அளவு குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டிக்கரில் முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு எண் இருந்தால், அந்த வித்தியாசத்தைப் புது எண்ணிலும் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. முழு பாரத்துக்கென்று தனி எண் போட்டிருந்தால், சதுரகிரி பயணத்துக்கு அதுதான் அடிப்படை.

எண் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதை எப்போது அளக்கிறோம் என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. எல்லாப் பரிந்துரையும் குளிர்ந்த டயருக்கு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குமேல் ஓடியிருக்கக் கூடாது. பத்து டிகிரி சூடு ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். நெடுஞ்சாலையில் ஓடிவந்த டயரில் நாலைந்து கூடியிருக்கும். அதைப் பார்த்துப் பதறி, பங்கில் காற்றைப் பிடுங்கிவிட்டால், மறுநாள் விடிகாலையில் அந்த டயர் பட்டினியோடு நிற்கும்.

மகாராஜபுரத்துக்காரருக்குப் பெட்ரோல் பங்க் வத்திராயிருப்பிலோ கிருஷ்ணன்கோவிலிலோதான் என்றால் குளிர்ந்த டயரோடு எப்படிப் போவது? இதற்கு எளிய வழி இருக்கிறது. காலையில் வீட்டு வாசலிலேயே சொந்த கேஜில் அளந்துகொள்ள வேண்டும். 35 வேண்டிய இடத்தில் 29 இருந்தால் பற்றாக்குறை 6. பங்குக்குப் போய்ச் சேரும்போது சூட்டில் அது 32 காட்டலாம். அந்த 32-உடன் 6 சேர்த்து 38 வரை அடித்துக்கொள்ள வேண்டும். ஆறியபின் 35-ல் வந்து நிற்கும். பையில் ஒரு கேஜ் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கடைக்குக் கடை மீட்டர் வெவ்வேறு எண்ணைச் சொல்லும். பொய் சொன்னாலும் ஒரே மாதிரி பொய் சொல்கிற சொந்த மீட்டர் தேவலை.

மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில் காற்று தானாகவே கசியும். நைட்ரஜன் அடித்தால் கசியாது என்று கடையில் சொல்வார்கள். நாம் இலவசமாக அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாமல் இருப்பது அதன் உண்மையான நன்மை. வாங்கினால் தப்பில்லை, வாங்கிவிட்டோம் என்று அளக்காமல் இருப்பதுதான் தப்பு.

ஐப்பசி மழைக்கு இதெல்லாம் இன்னும் முக்கியம். தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போனால், ஒரு கட்டத்தில் டயர் ரோட்டைவிட்டு எழும்பித் தண்ணீர்மேல் சறுக்கும். விமான ஓடுதளங்களில் இதை ஆராய்ந்த நாசா விஞ்ஞானிகள் 1960-களில் ஒரு வாய்ப்பாடு தந்தார்கள். அதன்படி 33 பிஎஸ்ஐ டயர் மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டரில் எழும்பும். காற்று 25-க்கு இறங்கிவிட்டால் 83-லேயே எழும்பிவிடும். அகல டயரும் தேய்ந்த பட்டனும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது நம்மூர் விதி.

டேஷ்போர்டு விளக்கு இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். அமெரிக்க விதி, நிர்ணயித்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும் என்கிறது. 33-க்கு அமைத்த கருவி அந்தக் கணக்கில் 25-க்கு இறங்கிய பிறகே கூப்பிடும். 39 தேவைப்படும் டயரில் அதற்குள் பதினாலு போயிருக்கும். சில கார்களில் வால்வோடு சேர்ந்த சென்சாரைப் புது வீலுக்கு மாற்றிப் பொருத்த வேண்டும். சிலவற்றில் காற்று அடித்தபின் ரீசெட் பட்டனை அழுத்த வேண்டும். வீல் மாற்றும் அன்றே கடையில் இதைக் கேட்டுவிட வேண்டும்.

கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. போல்ட் துளைகளின் வட்டம், நடுத்துளை, ரிம் உள்ளே வெளியே தள்ளி நிற்கும் அளவு, அந்த ரிம்மின் அகலத்துக்கு அந்த டயர் பொருந்துமா என்பது, அலாய் வீலே அந்த எடைக்குத் தகுதியானதா என்பது. சட்டமும் ஒன்று சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதனால், அதே காரின் விலை கூடிய மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் வீல் அளவோடு நிறுத்திக்கொள்வது எல்லா விதத்திலும் நிம்மதி. அந்த அளவுக்கான காற்றும் கார் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும், இவ்வளவு கணக்கும் மிச்சம்.

வேறு அளவு போட்டவர்கள், கண்டுபிடித்த புது எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டிவைக்கலாம். அடுத்தவர் வண்டியை எடுத்துப் போனாலும், பங்கில் பையன் கேட்டாலும் அது பதில் சொல்லும். கதவில் இருக்கும் பழைய ஸ்டிக்கரைக் கிழித்துவிட வேண்டாம். அதற்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் செய்து விற்ற உபரிச் சக்கரத்தின் பெயர் இன்றும் நம் வாயில் இருக்கிறது. நாலு வீலையும் மாற்றியவர்கள் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. அது ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதற்கு 60 பிஎஸ்ஐ, அதன்மேலேயே எழுதியிருக்கும். பழைய அளவு டயராகவே இருந்தால், கதவு ஸ்டிக்கரின் எண் அப்படியே பொருந்துகிற ஒரே சக்கரம் அந்தக் காரில் இனி அதுதான். தாணிப்பாறை வண்டி நிறுத்தத்தில் ராத்திரி பஞ்சராகி டிக்கியைத் திறக்கும் பலர், அதில் கடைசியாக எப்போது காற்று அடித்தோம் என்று யோசிப்பது அப்போதுதான்.